நான்காவது முறையும் அழைத்த மிஸ்ஸிக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

நான் பேருந்து ஓட்டுகிறேன், சிங்கப்பூரில் ஈசூனில் குடியிருக்கிறோம். என் மகள் இந்த ஆண்டு தொடக்கநிலை 6 முடித்துவிட்டாள், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடிவும் வந்துவிட்டது, ஜனவரியில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். போன வாரம் பள்ளி அலுவலகத்துக்குப் போய் அவளுடைய நீலப் பெட்டியைத் திரும்ப வாங்கி வந்தேன். உள்ளே சர்க்கரை அளவு பார்க்கும் மானி, ஊசிமுனைகள், குளுக்கோஸ் மாத்திரை, பிரிக்காத நான்கு பழச்சாறு பாக்கெட். அதை வீட்டு மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான், பள்ளியில் அவளைப் பார்த்துக்கொண்ட இத்தனை பேருக்கு நான் உட்கார்ந்து ஒரு நன்றிகூட எழுதவில்லையே என்று உறைத்தது. பார்க்கும்போதெல்லாம் 'தேங்க்யூ டீச்சர்' என்று சொல்லியிருக்கிறேன், அது போதாது. பெயர் எதுவும் போடவில்லை, அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி நான் இன்றுவரை முகம் பார்க்காத ஒருவருக்கு. எங்கள் வீட்டில் தாதியை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம், என் அம்மா சொல்லிப் பழகிய வார்த்தை, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

என் மகள் தொடக்கநிலை 3இல் இருந்தபோது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தாதியர் குழு பள்ளிக்கு வந்தது. இங்கே பெரும்பாலான அரசாங்கப் பள்ளிகளில் தாதி என்று ஒருவர் தினமும் உட்கார்ந்திருப்பதில்லை, வாரியத்திலிருந்து குழுவாக வருவார்கள், உயரம் எடை பார்ப்பார்கள், கண் பார்ப்பார்கள், பெரிய வகுப்பு என்றால் முதுகெலும்பு வளைந்திருக்கிறதா என்று குனியச் சொல்லிப் பார்ப்பார்கள், தடுப்பூசி போடுவார்கள், அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார்கள். நான் படித்த காலத்தில் மிஸ்ஸி வருகிறார் என்றாலே ஊசிதான் ஞாபகம், தொடக்கநிலை 6இல் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசிக்கு வரிசையில் நடுங்கிக்கொண்டு நின்றது இன்னும் மறக்கவில்லை. (பள்ளியில் அந்த ஊசி போடுவதை 2001இல் நிறுத்திவிட்டார்கள்.) அவர்கள் வேலை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அன்று எனக்குக் காலை ஷிஃப்ட். ஓட்டும்போது கைபேசியைத் தொடக்கூடாது, பையில் கிடக்கும். முனையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தால் தெரியாத எண்ணிலிருந்து மூன்று அழைப்பு. இப்போது வரும் மோசடி அழைப்புகளில் ஒன்றாக இருக்கும் என்று நினைத்து மறுபடி பையில் போடப் போனேன், அதற்குள் நான்காவது முறை அடித்தது. எடுத்தேன்.

பள்ளிக்கு வந்திருக்கும் தாதி பேசுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். போன ஆண்டு உங்கள் மகள் 27 கிலோ இருந்தாள், இப்போது 24 கிலோ, உயரம் மட்டும் 5 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது, வளர்கிற பிள்ளைக்கு எடை இப்படி இறங்கக்கூடாது என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார்: தண்ணீர் நிறையக் குடிக்கிறாளா, இரவில் எழுந்து கழிவறைக்குப் போகிறாளா, படுக்கை நனைகிறதா, சீக்கிரம் களைத்துப் போகிறாளா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் தனித்தனியாகத் தெரிந்திருந்தது. இரண்டு வாரம் முன்னால் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியிருந்தோம், வெயில் அதிகம், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டேதான் இருந்தாள்.

கண் பரிசோதனையில் நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். முந்தைய ஆண்டு நன்றாக வாசித்த எழுத்துகளை அன்று அவளால் வாசிக்க முடியவில்லை. இந்த ஊரில் கிட்டப்பார்வை எவ்வளவு சாதாரணம் என்று எல்லாருக்கும் தெரியும், தொடக்கநிலை 6 முடிப்பதற்குள் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் கண்ணாடி போட்டுவிடுகிறார்கள். கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், நானும் சனிக்கிழமை போய் அழகாக ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்திருப்பேன். மிஸ்ஸி அங்கே நிற்கவில்லை. பார்வை மங்கல், எடை குறைவு, வரிசையில் நின்ற கொஞ்ச நேரத்தில் இரண்டு முறை கழிவறைக்குப் போகக் கேட்டது, மூன்றையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். பின்னால் நூறு பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கும்போது.

"இன்றைக்கே போங்கள், நாளைக்கு வேண்டாம். பலதுறை மருந்தகத்துக்கு முன்பதிவு எடுத்துக்கொண்டு இருக்காதீர்கள், நேராகக் குழந்தைகள் அவசரப் பிரிவுக்குப் போங்கள்" என்றார். நான் சரி என்றதும், யார் அழைத்துப் போவீர்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வைத்தார்.

கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். மானியில் 29.4 மில்லிமோல் என்று வந்தது, சாப்பாட்டுக்கு முன் நமக்கெல்லாம் 4லிருந்து 6க்குள் இருக்கும். முதல் வகை நீரிழிவு. இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் ஏறி, ரத்தம் அமிலமாகத் தொடங்கியிருந்தது, இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் நினைவில்லாமல் கொண்டுவந்திருப்பீர்கள் என்று மருத்துவர் சொன்னபோது என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 'பிள்ளைக்கு இனிப்பு நீரா? சின்ன வயதிலேயே மிட்டாய் நிறையக் கொடுத்திருப்பீர்கள்' என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள், என் மனைவி அதற்காக அழுத நாள்கள் உண்டு. இது இனிப்புத் தின்று வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைத் தவறுதலாக அழித்துவிடுகிறது, பெற்றவர்கள் செய்ததாலோ செய்யாததாலோ வருவதில்லை. அதனால் ஊசி மூலம் இன்சுலின் போடாமல் இந்தப் பிள்ளைகள் உயிர் வாழ முடியாது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள், அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டு வைத்துக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிப்பதைத் தவிர வழி இருக்கவில்லை. இதை எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னவர் மருத்துவமனையின் நீரிழிவுத் தாதி. ஊசி போடவும் உணவின் மாவுச்சத்தைக் கணக்கு பார்க்கவும் ஆறு நாள் எங்கள் இருவருக்கும் சொல்லிக் கொடுத்தார், என் கை நடுங்கியபோது முதலில் தன் கையிலேயே ஊசிமுனையைக் குத்திக் காட்டினார். அவருக்கு இரண்டாவது நன்றி.

பார்வை சில வாரத்தில் தானாகத் தெளிந்துவிட்டது. சர்க்கரை ஏறியதால் வந்த மங்கல் அது. கண்ணாடி தேவைப்படவே இல்லை.

சரி, வீட்டுக்கு வந்தோம். பள்ளிக்கு அனுப்பத்தான் பயம். அவள் ஏற்கெனவே போய்வந்த மாணவர் பராமரிப்பு நிலையம் எங்களால் பொறுப்பெடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது, மாமியார்தான் அன்றிலிருந்து மதியத்தில் பார்த்துக்கொண்டார். பள்ளியும் அப்படியே சொல்லும் என்று நினைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனோம். துணைத் தலைமையாசிரியர் முதலில் கேட்டதே, "திங்கள்கிழமை வருகிறாளா, புதன்கிழமையா?" என்பதுதான். மருத்துவமனை கொடுத்த திட்டத்தை ஒரே தாளில் சுருக்கி எழுதினார்கள். அளவு 4க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது பழச்சாறு அல்லது குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அளவு இறங்கியிருக்கும்போது தனியாக எங்கேயும் அனுப்பக்கூடாது. நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டும்.

அலுவலகத்து அக்காவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவர் தாதி இல்லை, கட்டணம் வாங்குவது, கடிதம் அனுப்புவது, தாமதமாக வரும் பிள்ளைகளின் பெயரை எழுதுவது அவர் வேலை. ஒவ்வொரு இடைவேளையிலும் என் மகள் ஓய்வறைக்குப் போய் விரலில் குத்திப் பார்த்து ஊசி போட்டுக்கொள்வாள், அவர் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவார். மானியில் வந்த எண்ணைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் வண்டியை முனையத்தில் நிறுத்தியதும் முதலில் பார்ப்பது அதைத்தான், 6.8 என்று இருந்தால் அடுத்த சுற்று நிம்மதியாக ஓட்டுவேன். பிறகு சர்க்கரை அளவு பார்க்கும், கையில் ஒட்டும் சென்சார் வாங்கி, எண் என் கைபேசிக்கே வரத் தொடங்கியது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை, படத்துக்குப் பதிலாக 'சாப்பிடப் போய்விட்டாள்' என்று ஒரு வரி வரும்.

தமிழாசிரியைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தாய்மொழிப் பாடத்துக்குப் பிள்ளைகள் வகுப்பு மாறிப் போவார்கள் அல்லவா, வகுப்பாசிரியருக்குத் தெரிந்தது தமிழ் வகுப்புக்குப் போய்ச் சேராமல் போய்விடலாம். எங்களுக்கே அது தோன்றவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார், "அண்ணே, என் வகுப்பில் சர்க்கரை இறங்கினால் நான் என்ன செய்யணும், எனக்கும் சொல்லுங்கள்" என்று குறிப்பேட்டோடு. தொடக்கநிலை 4இல் ஒருநாள் அதுதான் நடந்தது. வாசிக்கச் சொன்னால் முதலில் கை தூக்குகிற பிள்ளை அன்று எரிந்து விழுந்திருக்கிறாள், கையெழுத்து கோட்டை விட்டு இறங்கி ஓடியிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் கண்டித்திருப்பார்கள். டீச்சர் பக்கத்தில் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், வியர்வை. மானியில் 3.1. மேசை இழுப்பறையில் வைத்திருந்த பழச்சாற்றைக் குடிக்க வைத்து, மற்ற பிள்ளைகளுக்குப் பயம் வராமல் கதை சொல்லிக்கொண்டே 15 நிமிடம் மணி பார்த்திருக்கிறார். அந்தக் கோணல் எழுத்துத் தாளை என் மனைவி இன்னும் வைத்திருக்கிறார். டீச்சர், தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு முதல் நாளே என்ன பலகாரம், எத்தனை என்று கேட்டு எழுதி அனுப்புவீர்களே, அவள் ஒருமுறைகூடத் தட்டில்லாமல் உட்காரவில்லை.

உடற்கல்வி ஆசிரியர் தன் கால்சட்டைப் பையிலேயே ஒரு பாக்கெட் பழச்சாறு வைத்திருப்பாராம், ஓடும் முன்னும் பின்னும் அளவு பார்க்கச் சொல்வாராம். நாப்ஃபா என்ற உடலுறுதிச் சோதனையில் 1.6 கிலோமீட்டரை நடக்காமல் ஓடி முடித்தாள். சிற்றுண்டிச்சாலையில் மீ சோட்டோ (சூப்பில் போட்ட மீ) விற்கும் மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, அவளுக்கு மட்டும் தினமும் ஒரே அளவாக மீ போடுவார், கணக்கு தப்பக்கூடாது என்று. தட்டைக் கொடுக்கும் முன் ஊசி போட்டாச்சா என்று மலாயில் கேட்பார். தொடக்கநிலை 5 முகாமில் இரண்டு இரவும் அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்து அளவு பார்த்த வகுப்பாசிரியருக்கும், பிஎஸ்எல்இ தேர்வறைக்கு மானியும் குளுக்கோஸும் கொண்டுபோக மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கித் தந்தவர்களுக்கும், அவளோடு கழிவறை வரைக்கும் துணைக்குப் போகும் அந்தச் சின்னத் தோழிக்கும் நன்றி.

பெற்றோர்களே, தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு, காரணமில்லாத களைப்பு இவை சேர்ந்து வந்தால், நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கினால், அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விரலில் ஒரு சொட்டு போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது. பள்ளியில் உடல்நலப் பரிசோதனைக்கு அனுப்பும் படிவத்தைக் காலையில் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுத் தள்ளாதீர்கள், பிள்ளைக்கு இருக்கும் உபாதைகளைக் கேட்கும் இடத்தில் நிரப்புங்கள். நான் வெறுமையாக விட்டிருந்தேன்.

மிஸ்ஸி, தொடக்கநிலை 5இல் தடுப்பூசி போட வாரியத்திலிருந்து வந்தார்கள், நீங்கள்தானா என்று கேட்டுவரச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் வேறு. அடுத்த ஆண்டு உயர்நிலை 1இல் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசிக்கு வருவார்கள், அப்போதும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை இது உங்கள் கண்ணில் பட்டால், நீங்கள் எழுதி வைத்த 24 கிலோவுக்குக் கீழே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: உயரம் 151 சென்டிமீட்டர், எடை 42 கிலோ, கடைசி வரி வரைக்கும் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறாள்.