பெரியண்ணைக்கு: ரிக்கற் எடுத்தாச்சு

பெரியண்ணை,

ரிக்கற் எடுத்தாச்சு. ஆனி மாதத்தில ஒரு சனி, ஞாயிறு. அம்மா, நான், மகள். இஞ்ச சுவிசில, லுசேர்னில ரெயின் ஏறி, புறூனிக் மலையால பிரியன்ஸ். அங்கயிருந்து கப்பல்ல இன்ரலாக்கன், இரவு அங்க தங்கல். அடுத்த நாள் ஸ்பீஸ், பேர்ன் பக்கத்தால வீடு.

உங்களைக் கேட்காமல்தான் முடிவெடுத்தனான். அப்பாவின்ர ஆட்டைத்திவசம் முடியட்டும், கேட்பம் எண்டிருந்தன். அண்டைக்கு வாசல்ல வைச்சு நீங்கள் கதைச்ச கதைக்குப் பிறகு கேட்க மனம் வரேல்லை. அந்தக் கதையை இஞ்ச எழுதேல்லை. இந்தப் பக்கத்தை ஊர்ச்சனம் பாதி வாசிக்குது, சித்தப்பா வீட்டாக்களும் வாசிக்கினம். (சித்தி, சுகமோ?)

எடுத்தது ஸ்பார்டாகஸ்கார்ட்டே, ஒரு நாள் முழுக்க ஓடித்திரியிற மலிவு ரிக்கற். முந்தியே எடுத்தால் மலிவு. ரெயின், கப்பல், பஸ் எல்லாத்துக்கும் அது ஒண்டே காணும். ஆனா எடுத்தது எடுத்ததுதான், காசு திருப்பித் தரமாட்டாங்கள். அதுக்காகவே எடுத்தனான். திருப்பிக் குடுக்கக்கூடிய ரிக்கற் எண்டால் நீங்கள் "வாற சம்மருக்கு நானே கார் கொண்டு வாறன் பிள்ளை, எல்லாருமாப் போவம்" எண்டு கோல் எடுப்பியள். அம்மாவும் "அவன் வரட்டும்" எண்டுவா. நானும் திருப்பிக் குடுத்திருப்பன். அம்மாவின்ர முழங்கால் உங்கட வாற சம்மர் மட்டும் தாக்குப்பிடிக்காதண்ணை.

இப்ப ஓடுற வண்டியில படி ஏறத் தேவையில்லை, பிளாற்போமிலயிருந்து நேர உள்ள போகலாம். யன்னல் திறக்கேலாது எண்டதுதான் குறை. பிலாற்றுஸ் மலைக்கும் ஏறுவம் எண்டு மகள் ஆசைப்பட்டாள். உலகத்திலயே ஆகச் செங்குத்தான பல்லுச்சில்லு ரெயில் பாதை, 48 சதவீத ஏற்றம். அம்மா போனில படத்தைப் பார்த்திட்டு, "சாமியைப் பார்க்கிறதெண்டால் நான் கோயிலுக்கே போறன்" எண்டிட்டா. சரி, பிலாற்றுஸ் இல்லை.

இடம் பிடிக்கிறது மட்டும் நான் ஆரையும் கேட்கத் தேவையில்லை. லுசேர்னில ஏறினால் வலப்பக்கம்.

1991 தை மாதம். அகதியா வந்த எங்களில உங்களை பேர்ன் கன்ரோனுக்கு, அதாவது மாகாணத்துக்கு, விட்டவங்கள், என்னை லுசேர்னுக்கு. சனிக்கிழமை லீவு எடுத்து என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்கள். வெளிக்கிட்ட உடன இடப்பக்கம் லுசேர்ன் வாவி தெரிய நான் அங்கால ஓடப் பார்த்தன். "அது நீ எப்பவும் பார்க்கலாம். சார்னன் வாவி, லுங்கேர்ன் வாவி, பிரியன்ஸ் வாவி மூண்டும் இந்தப் பக்கம்தான், இரு" எண்டனீங்கள். மலையெண்டு ஒண்டையும் கண்டிராத யாழ்ப்பாணத்துப் பெட்டை நான். கிஸ்வில் தாண்டிப் பல்லுச்சில்லு பிடிக்க, காலுக்குக் கீழ கடகடவெண்டு சத்தம். நீங்கள் அரைவாசி யன்னலை இறக்கிவிட, குளிர் முகத்தில அடிச்சது. 1002 மீற்றரில புறூனிக் ஸ்ரேசன், யன்னல் மட்டத்துக்கு ஸ்னோ. அதுக்கங்கால நான் நித்திரை.

முழிச்சுப் பார்க்க வண்டி நிண்டிருந்தது. மைரிங்கன். பிறகு வெளிக்கிட்டுது, பின்பக்கமா.

"அண்ணை, திருப்பி அனுப்பிறாங்கள்!"

பெட்டியில இருந்த அவ்வளவு சனமும் திரும்பிப் பார்த்தது. நீங்கள் விழுந்து விழுந்து சிரிச்சனீங்கள். மலையால இறங்கிற பாதை மைரிங்கனில வந்து முட்டி நிக்கும். பிரியன்ஸ் பக்கம் போறதெண்டால் வண்டி முகம் மாறித்தான் ஓடவேணும். 1888-ல பாதை போட்ட நாளிலயிருந்து அப்படித்தான். வண்டி திரும்பினாலும் எங்கட யன்னலிலதான் வாவி வரும், வலப்பக்கம் இருத்தினது அதுக்குத்தான் எண்டு பிறகு விளங்கப்படுத்தினனீங்கள். எனக்கு ஒண்டும் காதில ஏறேல்லை. கையில இருந்தது 'N' காட், அகதிக் கேஸ் முடியாத ஆக்களுக்குக் குடுக்கிறது. கதவில ஆர் தட்டினாலும் நெஞ்சு இடிக்கிற காலம் அது.

அந்தக் கதையை எத்தினை கலியாணவீட்டில சொல்லிப்போட்டியள்! என்ர கலியாணத்திலயும் மைக் பிடிச்சுச் சொன்னனீங்கள், மாப்பிள்ளை வீட்டுக்கும் சிரிப்பு. நானும் சிரிச்சனான். ஆனா நீங்கள் சொல்லாத பாதி ஒண்டு இருக்கு. சிரிக்கேக்க உங்கட ஒரு கை ஜக்கற் பொக்கெற்றுக்குள்ளயே இருந்தது, பிரியன்ஸ் மட்டும் வெளியால எடுக்கேல்லை. உங்கட அகதிக் கேசுக்கு "இல்லை" எண்டு வந்த கடிதம் அதுக்குள்ள கிடந்தது எனக்குத் தெரியும். ஆர் சொன்னதெண்டு கேட்காதேங்கோ. அப்பீல் போட்டு அது சரிவந்ததும் தெரியும், அதுமட்டும் கோப்பை கழுவின காசில எனக்குச் சப்பாத்தும் ஜக்கற்றும் வாங்கித் தந்ததும் தெரியும். அந்த நாளில உங்களுக்கு வயசு இப்ப என்ர மகளின்ர வயசு. அவளுக்கு நான் இன்னும் சாப்பாட்டுப் பெட்டி கட்டிக் குடுக்கிறன்.

அதுக்காக இப்ப செய்யிறதெல்லாம் சரியெண்டு நினைச்சிடாதேங்கோ. பிள்ளைகளின்ர இங்கிலீசுக்கெண்டு சுவிசை விட்டு லண்டன் போனது நீங்கள் மட்டுமில்லை, அதை நான் ஒருநாளும் பிழையாச் சொன்னதில்லை. "அம்மாவைக் கொஞ்ச நாளைக்குப் பாரன்" எண்டு விட்டிட்டுப் போனனீங்கள். அந்தக் கொஞ்ச நாளுக்குள்ள என்ர மகள் யூனிவேர்சிற்றியும் முடிச்சிட்டாள். காசு அனுப்பிறியள், இல்லையெண்டு சொல்லேல்லை. மற்றதை நேரில கதைப்பம்.

நீங்கள் இல்லாமல் போறதுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுதத் தொடங்கினனான். இப்ப பாருங்கோ.

அம்மா சந்தோசமாத்தான் இருக்கிறா. ஒவ்வொரு இடமாக் கேட்டுக்கேட்டு வைச்சிருக்கிறா. லுங்கேர்ன் வாவியை 1836-ல மலைக்குள்ளால சுரங்கம் வெட்டி வடியவிட்டு அந்த நிலத்தில பயிர் செய்தவையாம், பிறகு கரண்ட் எடுக்கிறதுக்கெண்டு திரும்ப நிரப்பினவையாம் எண்டு மகள் வாசிச்சுச் சொன்னாள். "அப்ப அந்தத் தோட்டக்காரர் பாவமெல்லே?" எண்டா அம்மா. இரவும் அதே கதை. வலிகாமத்தில விட்டிட்டு வந்த காணியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை, நானும் கேட்கேல்லை.

பிரியன்ஸில கப்பல் ஏறினால் ஒண்டேகால் மணித்தியாலம். கீஸ்பாக் நீர்வீழ்ச்சி விழுறதைக் கப்பல்லயிருந்தே பார்க்கலாம். இசல்ற்வால்டில இறங்கவேணும் எண்டு மகளுக்கு ஆசை. கொரிய நாடகம் ஒண்டில வந்த சின்னத் துறை. படமெடுக்கிற சனம் கூடி, இப்ப 5 பிராங்க் போட்டால்தான் கதவு திறக்கும். கப்பல்லயிருந்து பார்த்தால் சும்மா, பார் எண்டிட்டன்.

அம்மாவுக்கு இதெல்லாம் வழியில வாற காட்சி. அவ போறது இன்ரலாக்கனுக்கு. நீங்கள் கோப்பை கழுவின ஹோட்டலின்ர குசினிப் பின்கதவைப் பார்க்கவேணுமாம். "அவன் அதாலதானே வேலைக்குப் போனவன்" எண்டு கேட்டா. எந்தக் கதவெண்டு எனக்குத் தெரியாது, நீங்கள் என்னை முன்பக்கத்தாலதான் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போனனீங்கள். கோல் எடுக்க விருப்பமில்லையெண்டால் ஒரு வொயிஸ் மெசேச் போதும்: ஆற்றுப் பக்கமோ, றோட்டுப் பக்கமோ.

வாறதெண்டால் உங்கட ரிக்கற்றை நீங்களே எடுங்கோ, விலை கூடுறதுக்கு முந்தி. அண்ணியிட்டச் சொல்லிப்போட்டு வாங்கோ, பிறகு எனக்குக் கோல் வரக்கூடாது. வராட்டில் ஈஸ்ற்ஹாமில நல்ல ஒடியல் மா ரண்டு பக்கற் வாங்கி, ஆகஸ்ட்டில வாற சித்தப்பாவின்ர மகனிட்டக் குடுத்துவிடுங்கோ. இஞ்ச விக்கிறது புழுத்துப்போய்க் கிடக்கு, அம்மா கூழ் காய்ச்சித் தா எண்டு ஒரு மாதமா நிக்கிறா.

தங்கச்சி