மொட்டைக் கடுதாசியும் ஒரு பருக்கையும்

திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள மணி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. போனில் பேசாமல் எழுதியது ஏன் என்று இரண்டாவது பக்கம் படிக்கும்போதுதான் புரிந்தது. உன் மகளைப் பற்றி, நம் பாப்பாவைப் பற்றி, சம்பந்தி வீட்டுக்கு இப்படியொரு மொட்டைக் கடுதாசி எழுத ஒருவருக்குக் கை வந்திருக்கிறதே! சம்பந்தி பெரிய மனசு பண்ணி, தரகரையும் நடுவில் விடாமல், கடுதாசியை உன்னிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தை முகூர்த்தத்தில் மாற்றமில்லை என்று சொன்னாரே, அந்த மனுஷனை நான் நேரில் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "முப்பது வருஷம் தடயவியல் லேபில் இருந்தாயே, எழுதினவன் யாரென்று கண்டுபிடிக்க முடியாதா?" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியிலேயே, கடுதாசி கிழிந்துபோகாமல் இருக்க லேமினேட் போட்டு வைத்திருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். படித்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். உன் தங்கச்சி காபியோடு வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிவிட்டாள்.

ஏன் என்று சொல்கிறேன். நம் விரலில் எப்போதும் கொஞ்சம் வேர்வை கசிந்துகொண்டே இருக்கும். அதில் உப்பு, அமினோ அமிலம், முகத்தையோ தலையையோ தொட்டிருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு, எல்லாம் உண்டு. கண்ணாடியில் பட்டால் மேலாக நிற்கும், பவுடர் தூவி எடுத்துவிடலாம். காகிதம் அப்படியில்லை, உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய பிறகு அமினோ அமிலம் காகித நாரைப் பிடித்துக்கொண்டு இடம் மாறாமல் வருஷக்கணக்கில் கிடக்கும். அதற்குத்தான் நின்ஹைட்ரின். 1910இல் கேம்பிரிட்ஜில் ரூஹ்மன் என்பவர் வேறு எதையோ செய்யப்போய் உண்டாக்கிய பொருள் அது. அமினோ அமிலம் பட்டால் கத்தரிப்பூ நிறம் ஏறும். கைரேகைக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று ஸ்வீடனில் இரண்டு பேர் சொன்னது 1954இல். நாற்பத்து நான்கு வருஷம் ஒருவருக்கும் தோன்றவில்லை பார்!

தட்டில் கரைசலை ஊற்றித் தாளை ஒரு முக்கு முக்கி எடுத்துக் காயவிட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. சூடும் ஈரப்பதமும் சரியாகக் கொடுத்தால் சில நிமிஷத்தில், சும்மா இருட்டில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில், அங்கங்கே ஊதாப் பொட்டு வைத்த மாதிரி கிளம்பும். பொட்டுப் பொட்டாகச் சேர்ந்து கோடாகும், கோடு சுழியாகும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கையுறை இல்லாமல் தட்டைத் தொட்டுவிட்டேன். வலது கட்டைவிரல் நாலு நாளைக்கு ஊதா. மெஸ்ஸில் சாப்பாடு போடுகிறவர், எந்த ஊரில் சார் எலெக்‌ஷன் என்று கேட்டார்.

ஆனால் இந்த மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளில் எழுதினால் அடியில் உள்ள தாளில் பள்ளம் விழுமில்லையா? நமக்கு வந்த தாளுக்கு மேலே வேறொரு தாள் இருந்து, அதில் ஒரு விலாசமோ மளிகை லிஸ்டோ எழுதியிருந்தால், அது கண்ணுக்குத் தெரியாமல் நம் தாளில் பதிந்திருக்கும். எஸ்டா என்றொரு கருவி, எழுபதுகளின் கடைசியில் லண்டனில் வந்தது. தாள்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் போர்த்தி, மின்சாரம் ஏற்றி, ஜெராக்ஸ் மெஷின் கருப்புத்தூளைத் தூவினால், பள்ளமான இடமெல்லாம் கறுப்பாக எழுத்து எழும்பும். மொட்டைப் பெட்டிஷன் எழுதியவர், அதற்கு மேல் தாளில் தன் பெயரோடு லீவு லெட்டர் எழுதியிருந்ததை ஒருமுறை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தாள் நனைந்துவிட்டால் எஸ்டாவுக்கு வேலையில்லை. அதனால் முதலில் எஸ்டா, அப்புறம்தான் நின்ஹைட்ரின். தாள் ஏற்கெனவே மழையில் நனைந்தது என்றால் அமினோ அமிலமும் போயிருக்கும். அப்போது எண்ணெய்ப் பிசுக்கை நம்பி வெள்ளியைப் படியவைத்துப் பார்ப்போம்.

நீ சூடுகாட்டி இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டியதில் இவ்வளவுக்கும் கதவு சாத்தியாயிற்று. பிரிக்கப் போனால் தாளின் மேல்தோலும் சேர்ந்து உரியும். கவலைப்படாதே, அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது என்றும் ஆறுதல் சொல்கிறேன். சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, நீ, உன் வீட்டம்மா, உன் மச்சினர், கடைசியில் லேமினேஷன் கடைப் பையன் என்று ஏழு கை பட்டாயிற்று. கைரேகை யார் தொட்டார்கள் என்று சொல்லும், எப்போது தொட்டார்கள் என்று சொல்லாது. உன் மச்சினர் ரேகை அதில் கிடைத்தால், எழுதும்போது விழுந்ததா, படிக்கும்போது விழுந்ததா என்று எந்த லேபாலும் சொல்ல முடியாது. எழுதும் கையின் ஓரம், சுண்டுவிரலுக்குக் கீழே, தாளில் உரசிக்கொண்டே போகும் பார், அங்கே பதிந்த உள்ளங்கை ரேகை என்றால் எழுதும் தோரணையாவது தெரியும். விரலுக்கு உறை மாட்டுகிறவர்கள்கூட சிலசமயம் அந்த ஓரத்தை மறந்துவிடுவார்கள்.

இனி எச்சில். கவரின் பசையை நக்கி ஒட்டினாலோ தபால்தலையை நாக்கில் தடவி ஒட்டினாலோ வாயின் உட்தோல் செல்கள் அதில் ஒட்டிக்கொள்ளும், டி.என்.ஏ. எடுக்கலாம். வெளிப்பக்கம் தபால்காரர் வரை ஊர்ப்பட்ட கை பட்டிருக்கும். தபால்தலைக்கு அடியிலும் மடிப்புக்கு உள்ளேயும் மற்றவர் கை போகாது. ஆனாலும் கிடைத்தே தீரும் என்பதில்லை. பிரான்ஸில் 1984 அக்டோபரில் கிரெகோரி என்ற நாலு வயசுப் பிள்ளையைக் கொன்று வோலோன் ஆற்றில் போட்டு, பழிவாங்கிவிட்டேன் என்று தகப்பனுக்கு மொட்டைக் கடிதம் போட்டார்கள். அந்தக் கேஸின் மொட்டைக் கடிதம் ஒன்றின் தபால்தலையில் டி.என்.ஏ. தேடியது 2000இல். பலனில்லை. அந்தக் கொலைக்கு இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அதே பிரான்ஸில் துல் என்று ஒரு சின்ன ஊர். 1917 முதல் 1922 வரை ஊர் முழுக்க மொட்டைக் கடிதம், நூற்றுக்கும் மேல். யாருக்கு யாரோடு தொடர்பு, யார் எதைத் திருடினார் என்று. லியோனில் 1910இல் போலீஸ் லேப் தொடங்கிய எட்மண்ட் லோக்கார்டை வரவழைத்தார்கள். இங்கே ரசாயனமெல்லாம் கிடையாது. சந்தேகப்பட்டவர்களை உட்காரவைத்து டிக்டேஷன் எழுதச் சொன்னார். ஒரு பெண் கேப்பிட்டல் எழுத்துகளை மாற்றி மாற்றி வரைந்தாள். அவரும் விடாமல் சொல்லிக்கொண்டே போனார், பக்கம் பக்கமாக. கை சோர்ந்ததும் பழைய எழுத்து தானே வந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் மாதிரியான அலுவலகத்தில் வேலை பார்த்தவள், தனக்கும் மொட்டைக் கடிதம் வந்தது என்று முதலில் காட்டியவளும் அவள்தான். கோர்ட் கொடுத்தது ஒரு மாதம், அதையும் நிறுத்திவைத்தார்கள், கூட ஒரு சிறு அபராதம். ஆனால் அதற்கு முன்பே தாயும் மகளும் ஏரிக்குப் போய்த் தாய் மூழ்கிப்போனாள். இந்தக் கேஸைப் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குச் சொல்லும்போது டிக்டேஷனோடு நிறுத்திக்கொள்வேன். ஏரியைச் சொன்னதில்லை.

லேபுக்கு நீயாகக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. போலீஸோ கோர்ட்டோ அனுப்ப வேண்டும். பெயரை மறைத்து மிரட்டினால் அதற்கென்றே பழைய ஐ.பி.சி.யில் 507ஆம் பிரிவு இருந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது. உனக்கு வந்ததில் மிரட்டல் இல்லை, அவதூறுதான். அதற்கு நீயே கோர்ட் படி ஏற வேண்டும். ஏறினாலும், ஒப்பிட ஒரு கை வேண்டும். யாருடைய கையைக் கேட்பாய்? கல்யாணப் பத்திரிகை வைத்த வீடு ஒவ்வொன்றிலும் போய் மை தடவச் சொல்வாயா?

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படங்களில் மூன்றாவது, கவரின் பின்பக்கம். நல்லவேளை, அதை லேமினேட் செய்யவில்லை. பிளாஸ்டிக் பையில் போடாதே, வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். புது காகிதக் கவரில் போட்டு பீரோவில் வை. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பசை போட்ட இடத்தில் நாக்கு பட்ட அடையாளமே இல்லை. மடிப்பின் இடது ஓரத்தில் சின்னதாக ஒரு மேடு, காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது. சோற்றுப் பருக்கை. விரலில் வைத்து நசுக்கித் தேய்த்து ஒட்டியிருக்கிறார்கள். டி.என்.ஏ.வுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

நம் காலத்துப் பழக்கம் அது. இன்றைக்கும் பருக்கை வைத்துக் கவர் ஒட்டுகிற வீடு உங்கள் சொந்தத்தில் எது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயரை எனக்கு எழுதாதே.

முழங்கால் பரவாயில்லை. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுகிறோம். பாப்பாவுக்கு என் ஆசீர்வாதம்.

உன்,
பழைய ரூம்மேட்