கூடையைப் போட்டீர்கள், ஓடிய நேரம் எங்கே?

ஆசிரியருக்கு,

வலய மட்ட, மாகாண மட்ட மெய்வல்லுநர் (தடகள) போட்டிகள் தொடங்கிவிட்டால் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு தலைப்பு தவறாமல் வந்துவிடும்: 'கொழுந்து பறிக்கும் தாயின் மகள் தங்கம் வென்றாள்'. படத்தில் பிள்ளையின் கழுத்தில் பதக்கம், பக்கத்தில் அம்மாவின் கூடை, பின்னால் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் தகரம். அதன் ஒற்றை அறையான காம்பிராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதுவரை செய்தியில் இருக்கும். அந்தப் பிள்ளை 200 மீற்றரை எத்தனை செக்கனில் ஓடினாள் என்பது மட்டும் இருக்காது. அதே பக்கத்தில் கொழும்புப் பாடசாலை மாணவன் ஒருவனின் செய்தியில் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை நேரம் அச்சாகிறது.

தாயின் தொழிலை மறைக்கச் சொல்லவில்லை. நேரம் இல்லாத செய்தியை வைத்துப் பயிற்றுநரோ தேர்வாளரோ எதுவும் செய்ய முடியாது என்பதுதான் எங்கள் குறை. அடுத்த மாகாணத்துப் பிள்ளையோடு ஒப்பிட முடியாது. போன வருடத்திலிருந்து முன்னேறினாளா என்றும் பார்க்க முடியாது.

நேரத்தைப் போடும்போது அதை எப்படி எடுத்தார்கள் என்பதையும் போடுங்கள். கைக்கடிகாரத்தில் எடுத்த 100, 200 மீற்றர் நேரத்தை இலத்திரனியல் நேரத்தோடு ஒப்பிட 0.24 செக்கன் கூட்ட வேண்டும்; 400 மீற்றருக்கு 0.14. அதாவது கையால் எடுத்த 12.9 உண்மையில் 13.14. இந்த இரண்டும் உங்கள் பக்கத்தில் ஒரே பட்டியலில் வருகின்றன. 200 மீற்றர் வரையான ஓட்டங்களுக்கும் நீளப் பாய்ச்சல், முப்பாய்ச்சலுக்கும் பின்காற்று செக்கனுக்கு 2.0 மீற்றருக்கு மேல் போனால் அது சாதனையாக ஏற்கப்படாது. ஓடுபாதையும் முக்கியம். தோட்டத்து மைதானங்களில் 400 மீற்றர் வட்டம் அமைவது அரிது. 200 மீற்றர் வட்டத்தைச் சுண்ணாம்பால் போட்டு, 400 மீற்றரை இரண்டு சுற்றும் அவரவர் பாதையிலேயே ஓடவிடும்போது, சுற்று நீளம் கூடிய இரண்டாம் பாதையின் தொடக்கக் கோட்டைப் புத்தகத்தில் உள்ள 7.04 மீற்றரே முன்தள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள். அது ஒரு சுற்றுக்கான கணக்கு. 1.22 மீற்றர் அகலப் பாதையில் இரண்டு சுற்றுக்கு அதன் இருமடங்கு வேண்டும். வெளிப்பாதைக்குப் போகப் போக அநியாயம் கூடும். நல்ல ஓட்டக்காரி நான்காவதாக வருவதற்கு இதுவே போதும்.

உயரத்தையும் சேருங்கள். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேல் எடுத்த குறுந்தூர ஓட்ட நேரங்களுக்கும் பாய்ச்சல் தூரங்களுக்கும் உலகப் பட்டியல்களில் தனி அடையாளம் இடுவார்கள். அங்கே காற்று ஐதாக இருப்பதால் வேகமாக ஓடலாம். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றரில் இருக்கிறது. ஆனால் 1500 மீற்றர், 3000 மீற்றருக்கு அதே காற்று எதிரி, ஒட்சிசன் குறைவு. ஆக நுவரெலியாவில் எடுத்த 100 மீற்றர் நேரம் கொஞ்சம் அழகாகவும், 1500 மீற்றர் நேரம் கொஞ்சம் அசிங்கமாகவும் தெரியும். ஊரின் பெயரைக்கூடப் போடாவிட்டால் இதை யார் கண்டுபிடிப்பது?

இப்போது மற்றொரு வாக்கியம்: 'மலையேறிப் பழகிய கால்கள், பிறவியிலேயே ஓட்டக்காரிகள்.' பாராட்டாகத்தான் எழுதுகிறீர்கள். கண்டியில் வளர்ந்த முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளையும் சிலர் இப்படித்தான் அவருடைய பிறவி முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். 133 டெஸ்டில் அவர் போட்ட ஓவர்களை எண்ணவில்லை. பிறவியிலேயே வருகிறது என்று சொல்லிவிட்டால் மைதானம், சப்பாத்து, பயிற்றுநர், சாப்பாடு எதுவும் தேவையில்லை என்று ஆகிவிடும். எங்கள் கோபமெல்லாம் அங்கேதான்.

மலைநாட்டு இரத்தம் என்று ஒன்று தானாக ஊறிவிடாது. உயரமான இடத்தில், ஒட்சிசன் சுமக்கிற சிவப்பணு கூடுவது உண்மை. ஆனால் விளையாட்டு வீரர்கள் அதற்காகத் தேடிப் போவது பெரும்பாலும் 2,000 முதல் 2,500 மீற்றர் உயரத்துக்கு. ஹட்டனும் பண்டாரவளையும் அதற்கு வெகு கீழே. அதைவிட, உடம்பில் இரும்பு இல்லாவிட்டால் எந்த உயரத்திலும் சிவப்பணு கூடாது. மாதவிலக்கில் இரத்தம் போகிற, ரொட்டியோடு சாயத் தண்ணீர் குடித்துவிட்டுப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைக்கு அந்த இரும்பு எங்கிருந்து வரும்? தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் மரக்கறி, தானியத்தில் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊருக்கே தேயிலை கொடுக்கிற மலையில் இது ஒரு கசப்பான வேடிக்கை. சாப்பாட்டோடு தேத்தண்ணீர் வேண்டாம், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். இரும்பு உடம்பில் சேர, சாப்பாட்டோடு தேசிக்காய், நெல்லி, கொய்யா ஏதாவது ஒன்று. நெத்திலிக் கருவாடு கிடைத்தால் நல்லது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்: இரும்புக் கையிருப்பு காலியான பிறகும் அது கொஞ்சக் காலம் சரியாகவே காட்டும், ஆகவே அந்தக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்க வேண்டும். உயரத்தில் வாழ்பவர்களின் ஹீமோகுளோபினை உயரத்துக்கேற்பக் கழித்துத்தான் மதிப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கொழும்பில் 12 என்பதும் நுவரெலியாவில் 12 என்பதும் ஒன்றல்ல.

கூடை சுமந்த பரம்பரை என்பதும் ஓட்டத்துக்கு உதவாது. கொழுந்து மலையில் நாள் முழுக்க மெதுவான வேலை. முதுகுக்கும் முழங்காலுக்கும்தான் அது பழக்கம். 800 மீற்றர் என்பது இரண்டரை நிமிடத்துக்குள் மூச்சை முழுவதும் செலவழிக்கிற வேலை. அதற்கு 200 மீற்றரை ஆறு தடவை, நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு என்று ஓடிப் பழக வேண்டும். அதற்குச் சமதரை வேண்டும்.

உடையைப் பற்றிச் சுருக்கமாக. பெரிய பிள்ளையானதும் காற்சட்டை போட வீட்டில் விடமாட்டார்கள் என்பதாலேயே ஓட்டத்தை விட்டவர்கள் பலர். உலக மெய்வல்லுநர் விதி கேட்பது இவ்வளவுதான்: உடை சுத்தமாக, அருவருப்பில்லாமல், நனைந்தாலும் ஊடுருவித் தெரியாததாக இருக்க வேண்டும். முழுக்காற்சட்டை போட்டு ஓடலாம், தலையை மூடியும் ஓடலாம், வெறுங்காலிலும் ஓடலாம். இதைத் தடுக்கிற உள்ளூர் நடுவர்தான் விதியைப் படிக்க வேண்டும். உதைபந்தாட்டத்திலும் 2014இல் இருந்து தலைமறைப்புக்கு அனுமதி உண்டு.

வேகமாக ஓடுகிற, மார்பு தட்டையான பிள்ளையை 'ஆம்பளை மாதிரி' என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரில் வென்ற வெள்ளி பாலினப் பரிசோதனையால் பறிபோனபோது, அவருடைய உடம்பைப் பற்றி ஊடகங்கள் எழுதியதைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 செப்டெம்பரில் இருந்து உலக சம்பியன்ஷிப்பில் பெண்கள் பிரிவில் ஓட மரபணுப் பரிசோதனை வந்திருக்கிறது. அதைக் காட்டி வலய மட்டத்தில் ஒரு பிள்ளையின் உடம்பைச் சோதிக்க எதிரணிப் பயிற்றுநருக்கு எந்த உரிமையும் இல்லை.

பத்திரிகை எழுதுவதால் என்ன ஆகும் என்று கேட்கலாம். 1928 அம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீற்றர் ஓடி முடித்ததும் பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. இறுதிப் போட்டியில் ஓடியது ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். இருந்தும் அந்தப் போட்டி 1960 வரை ஒலிம்பிக்கிற்குத் திரும்பவில்லை. பெண்கள் மரதனுக்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் தோட்டங்களின் சித்திரைப் புத்தாண்டு விழா நோட்டீஸ் பலவற்றில் அது இன்னும் வந்து சேரவில்லை: மரதனும் சைக்கிளோட்டமும் ஆண்களுக்கு, தேங்காய் துருவலும் சங்கீதக் கதிரையும் பெண்களுக்கு. அந்த நோட்டீஸை அப்படியே நீங்களும் போடுகிறீர்கள்.

முடிவுத் தாள் எங்கும் ஒளித்து வைக்கப்படுவதில்லை. ஒலிபெருக்கி மேசைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். பெயர், வயதுப் பிரிவு, நேரம், கையா இயந்திரமா, காற்று, மைதானம் என ஆறு விவரம்; உங்கள் செய்தியாளர் தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். கூடையைத் தேடி லயத்துக்கு ஏறுவதைவிடக் கிட்டவான இடம்.

மெய்வல்லுநர் பயிற்றுநர்கள் சிலர்,
நுவரெலியா மாவட்டம்.