செல்விக்கு, பட்டறையிலிருந்து

கணபதி, கோவை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. யாழினியைப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்க்கலாமா, மெஷின் பக்கம் அனுப்பப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஆறு மாதமாக நானே சாயங்காலம் ஒரு லேத் பட்டறைக்குப் போய்க் கற்றுக்கொண்டிருக்கிறேன். லேத் என்றால் இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற மெஷின். தயங்காமல் சேர்த்துவிடு என்றுதான் சொல்வேன்.

பட்டறையை ஒட்டிய அறையில் பம்ப் செட்டுக்கான போர்டுகளைச் சரிசெய்வார்கள். முதல் மாதம் முழுக்க எனக்கு அங்கே சால்டரிங்தான், அதாவது ஈயத்தை உருக்கிக் கம்பியைப் போர்டில் பற்றவைக்கிற வேலை. அயர்ன் என்கிற சூட்டுக்கோலின் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்துப்போய் இணைப்பில் அப்பினேன். பார்த்தால் ஒட்டினது போலவே இருக்கும், லேசாக அசைத்தால் கம்பி கையோடு வந்துவிடும். அப்புறம்தான் புரிந்தது: கம்பியும் போர்டின் செம்பும் சேர்ந்து சூடாக வேண்டும். இரண்டிலும் படும்படி நுனியை வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணி, எதிர்ப்பக்கத்தில் ஈயக்கம்பியைத் தொட்டால் சர்ரென்று உருகிச் சுற்றிலும் படர்கிறது. உருண்டையாகத் திரண்டு நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சரியாக வந்த முதல் இணைப்பை லென்ஸ் வைத்துப் பத்துத் தடவை பார்த்திருப்பேன். அடி விரிந்து மேலே குவிந்து, குட்டி மலை மாதிரி பளபளவென்று இருந்தது!

நாங்கள் பயன்படுத்துவது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது. 183 டிகிரியில் உருகிவிடும், ஆனால் அயர்ன் நுனி 350 டிகிரி வாக்கில் இருக்கும். அதனால் கையை விட்டு இறக்கினால் ஸ்டாண்டில்தான். அந்தப் புகை சாம்பிராணி மாதிரி மணக்கும். அது ஈயப் புகை இல்லை, கம்பிக்குள் இருக்கும் மரப்பிசின் எரிகிற புகை. தொடர்ந்து இழுத்தால் ஆஸ்துமா வரலாம், அதனால் சின்ன ஃபேன் வைத்துப் புகையை முகத்திலிருந்து விலக்குகிறோம். காரீயம் கை வழியாகத்தான் வயிற்றுக்குப் போகிறது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடவே விடமாட்டார்கள்.

லேத்துக்கு வந்த அன்று ஆசையாகக் கையுறை வாங்கிக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். சுற்றுகிற இரும்பு துணி நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளுமாம். துப்பட்டா, வளையல் எல்லாம் வீட்டோடு. பின்னலைக் கொண்டை போட்டுத் தொப்பிக்குள் செருக வேண்டும். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில், இரவில் தனியாக லேத் ஓட்டிய ஒரு மாணவி, தலைமுடி மெஷினில் சிக்கி இறந்துபோனாள். படிப்பு முடியச் சில வாரங்கள்தான் இருந்ததாம். அதைப் படித்த அன்றிலிருந்து ஆள் இல்லாத நேரத்தில் சுவிட்சைத் தொடுவதில்லை.

ஒரு நாள் லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’கைச் சாவி போட்டு இறுக்கிவிட்டு, சாவியை அதிலேயே விட்டுவிட்டு சுவிட்சுக்குக் கையை நீட்டிவிட்டேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். திட்டவில்லை. சாவியை உருவிக் கையில் கொடுத்தார், கனமாக இருந்தது. மெஷின் ஓடியிருந்தால் அது பறந்து யார் முகத்தில் பட்டிருக்குமோ. இப்போதெல்லாம் சாவி என் கையில் இருக்கும், இல்லாவிட்டால் ஆணியில் தொங்கும்.

டிரில்லிங்கில், அதாவது துளை போடும்போதும், தகட்டைக் கையால் பிடிக்கக் கூடாது, வைஸ் என்கிற இடுக்கியில்தான் இறுக்க வேண்டும். துளைக்கிற பிட் அடிப்பக்கம் எட்டிப்பார்க்கும் அந்த நொடியில்தான் தகட்டைக் கவ்விச் சுழற்றும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஒர்க்‌ஷாப்புக்குள் போய்ப் பார். மெஷினை உடனே நிறுத்தும் சிவப்புப் பட்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, பிள்ளைகள் வேலை செய்யும்போது ஆசிரியர் கூடவே நிற்கிறாரா என்று கேள். யாழினி கண்ணாடி போடுகிறவள் ஆயிற்றே, அதன் மேலேயே மாட்டுகிற பாதுகாப்புக் கண்ணாடி இங்கே கிடைக்கிறது. அவள் ஃபிரேமின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுது, வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
கல்யாணி