டக்ளஸ் ஆடம்ஸ்: வானொலிதான் முதலில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், அவருடைய விண்வெளி நகைச்சுவைக் கதையான ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ முதலில் நாவலாக வெளிவந்து பின்னர் வானொலி நாடகமானது என்று இருக்கிறது. நடந்தது நேர்மாறு. முதல் பகுதி பிபிசி ரேடியோ 4-இல் 1978 மார்ச் 8 இரவு பத்தரைக்கு ஒலிபரப்பானது. நாவல் வந்தது 1979 அக்டோபரில்.

தேதிப் பிழைதானே என்று விட மனம் வரவில்லை. காதுக்காக எழுதப்பட்ட நகைச்சுவை அது. கதைக்குள் இருக்கும் வழிகாட்டி நூலின் குரலாக வரும் நடிகர் பீட்டர் ஜோன்ஸ், எத்தனை பெரிய அபத்தத்தையும் நிதானமாக, விளக்கம் சொல்லும் தொனியிலேயே வாசிப்பார். பின்னணியில் பார்வையாளர் சிரிப்பும் கிடையாது.

கட்டுரையோடு வந்த மொழிபெயர்ப்பு சறுக்குவதும் இங்கேதான். பூமியை இடிக்க வந்த விண்கலங்கள் வானத்தில் நிற்கும் வரியில், ஆங்கில மூலத்தின் கடைசிச் சொல் எதிர்மறை. தமிழில் உவமை முன்னால் வரும், வினைமுற்று பின்னால் வரும். ‘செங்கல் எப்படி நிற்காதோ அப்படிக் கலங்கள் நின்றன!’ என்று எழுதினால் சிரிப்பு பாதியிலேயே கசிந்துவிடும். வாக்கியத்தை உடைக்க வேண்டும்: ‘கலங்கள் அந்தரத்தில் நின்றன. செங்கல் எப்படி நிற்காதோ, அப்படி.’ ஆச்சரியக்குறி கூடவே கூடாது. சொல்பவர் சிரித்துவிட்டால் கேட்பவருக்குச் சிரிப்பு வராது.

முதல் நாவல் சட்டென்று அறுந்து நிற்பதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். காரணம் இருக்கிறது. முதல் வானொலித் தொடரின் ஆறு பகுதிகளில் நான்கின் கதைதான் அதில் உள்ளது. கெடு தாண்டிப் போனதால், எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தோடு முடித்துக் கொடுக்கும்படி பதிப்பகம் கேட்டுவிட்டது. ஐந்தாம், ஆறாம் பகுதிகள் நண்பர் ஜான் லாய்டோடு சேர்ந்து எழுதியவை. அப்போது ஆடம்ஸ் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடர் வேலையிலும் சிக்கியிருந்தார்.

கதையில் வாழ்க்கை, பிரபஞ்சம் எல்லாவற்றுக்குமான விடையாக வரும் 42-க்கு மறைபொருள் தேடுவதையும் விட்டுவிடலாம். அந்த விடைக்குக் கேள்வியாகக் கதையில் வரும் 6×9-இன் விடை 54. அதை 13 அடிமான எண்முறையில் 42 என்று எழுதலாம் (4×13+2). இது வாசகர்கள் கண்டெடுத்த பொருத்தம். சாதாரணமான, சின்ன எண் ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான் என்று ஆடம்ஸே சொல்லியிருக்கிறார்.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது, புதிய வாசகர்களை முதலில் அந்த ஆறு அரைமணி நேரப் பகுதிகளைக் கேட்கச் சொல்லுங்கள். நாவல்கள் அப்புறம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி