கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்குப் போய் வந்தேன்

சிவமயம்

அன்பு மகளுக்கு,

காரைக்குடியிலிருந்து அப்பச்சி எழுதுவது. இங்கே நானும் ஆத்தாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கப் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். இன்ஜினியரிங் முடித்து ஐந்து வருஷம் வேலை பார்த்த பெண், அமெரிக்காவின் வட கரோலினாவில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து இரண்டு வருஷம் வனவிலங்கு மேலாண்மை படிக்கப் போகிறேன் என்றதும், "மாடு மேய்க்கவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று கேட்டுவிட்டேன். நீ பதில் பேசாமல் போனை வைத்தாய். அது இன்னும் உறுத்துகிறது. நான் கேட்டது தப்பு, மகளே.

போன வாரம் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும்போது, வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயப் பலகையைப் பார்த்து வண்டியைத் திருப்பச் சொன்னேன். எத்தனையோ வருஷமாக அந்த வழியில் போகிறேன், ஒருநாளும் இறங்கியதில்லை. அதைச் சேர்ந்த கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் இலை தெரியாத அளவுக்கு நத்தைகுத்தி நாரை. அலகின் நடுவில் இடைவெளி இருக்கிறது, நத்தையைப் பிடிக்க அது தோதாம். கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர்தான் சொன்னார். அரசாங்கம் 1977-ல் சரணாலயம் என்று அறிவித்தது. ஆனால் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பது ஊர் தானாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. குஞ்சு பொரிக்க வந்ததை விரட்டலாமா என்று கேட்டார். வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்பு கொண்டுவந்து கொடுப்பார்களாம். எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்றும் சொன்னார்.

பறவைக்கு மரமும் தண்ணீரும் இரையும் வேண்டும், அதோடு பக்கத்து ஊர்க்காரன் மனசும் வேண்டும், இதெல்லாம் சேர்ந்ததுதான் என் பாடம் என்று நீ சொன்னாயே. கரையில் நின்றபோதுதான் அது எனக்குப் பிடிபட்டது.

மானின் கீழ்த்தாடைப் பல் தேய்ந்திருப்பதை வைத்து வயது கணிப்பதாகச் சொன்னாய். உங்கள் தாத்தா மாட்டுச் சந்தையில் வாயைத் திறந்து பார்த்தே இரண்டு பல், நாலு பல், எல்லாப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்தது என்று வயதைச் சொல்லிவிடுவார். அந்தக் கை உனக்கு வந்திருக்கிறது என்று ஆத்தாவுக்கு ஒரே சந்தோஷம்.

1937-ல் வந்த சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மேல் போடும் வரிப்பணம் அங்கே மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது என்றாயே, அது மட்டும் எனக்கு மனசில் ஒட்டவில்லை. கொல்கிறவன் காசில் காப்பதா? ஆனாலும் அந்தப் பணத்தில்தான் எத்தனையோ காட்டு நிலத்தை வாங்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றால் நான் என்ன பேசுவது. இதை நீ எனக்கு இன்னும் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வேலையைப் பற்றிய கவலை போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். மத்திய அரசு வேலைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கேட்பார்கள். நாலு வருஷப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால் இந்தப் பாடங்களில் எல்லாவற்றையும் ஏற்கமாட்டார்கள் என்றும் சொன்னாய். எவை செல்லும், எவை செல்லாது என்று முதல் பருவத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்கி வை. பங்காளிகள் என்ன படிப்பு என்று கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் கொள்ளுக்குடிப்பட்டிக் கதையைத்தான் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்து ஸ்மோக்கி மலையில் அற்றுப்போன எல்க் மானை 2001-லும் 2002-லும் வெளியூரிலிருந்து கொண்டுவந்து 52 விட்டார்கள் என்றாய். கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டியிருப்பார்கள் என்றும் சொன்னாய். அவ்வளவு பெரிய மானை எப்படி நிறுத்திப் பட்டை கட்டுகிறார்கள்? மான் வளர்ந்தால் கழுத்தை இறுக்காதா? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்.

அன்புடன்,
அப்பச்சி