குளச்சல் களத்துக்குச் சிவப்புச் சட்டை எப்படி வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளிவந்த ஒரு புகைப்படத்தைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். நம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றின் மாணவர்கள், திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மர் டச்சுக்காரர்களை வென்ற 1741-ஆம் ஆண்டுக் குளச்சல் போரைத் தெர்மாகோல் பலகையின் மேல் சிறு பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு அமைத்துக் காட்டியிருந்தார்கள். பிள்ளைகள் பல நாள் உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள் என்பது படத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கட்டுமரங்களுக்கு ஈர்க்குச்சியும், தென்னைகளுக்குத் துடைப்பக் குச்சியில் சுற்றிய பச்சைக் காகிதமும் பயன்படுத்தியிருந்த சாமர்த்தியத்தை நான் மிகவும் ரசித்தேன். ஆனால் மார்த்தாண்ட வர்மரின் வீரர்கள் அத்தனை பேருக்கும் சிவப்புக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும் தீட்டப்பட்டிருந்தன. படத்தின் கீழே ‘சீருடையில் திருவிதாங்கூர் படை’ என்று தலைப்பும் இருந்தது. முப்பது ஆண்டுகள் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் இத்தகைய சிற்றுருப் படைகளுக்கு வண்ணம் தீட்டுவதையே அன்றாட வேலையாக வைத்திருக்கும் எனக்கு, அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

சிவப்புக் கோட்டு ஏன் தவறு என்பதற்கு ஆவணக் காப்பகம் வரை போக வேண்டியதில்லை. சற்று யோசித்தாலே விளங்கிவிடும். திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் பீரங்கிப் பயிற்சியும் கற்றுக்கொடுத்து, அதை ஒரு நவீனப் படையாக ஆக்கியவர் டிலனாய் என்பது நம் மாவட்டத்தில் பலரும் அறிந்த செய்தி. டிலனாயின் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்த புனிதர் தேவசகாயத்தின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் இன்னும் நெருக்கமானது. அந்த டிலனாய் நம்மிடம் வந்து சேர்ந்ததே குளச்சல் போரில் சிறைப்பட்டதால்தான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்தவர் அன்று சரணடைந்தார். பின்னர் அரசரின் நம்பிக்கையைப் பெற்றுப் ‘பெரிய கப்பித்தான்’ ஆனார். 1777-இல் இறந்து, லத்தீனிலும் தமிழிலும் எழுதப்பட்ட கல்லறைக்குக் கீழே உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். அப்படியிருக்க, அவர் சிறைப்பட்ட அதே நாளில், அவர் பிற்காலத்தில் பயிற்றுவித்த படையின் கோலத்தில் நம் வீரர்களை நிறுத்துவது, பெண் பார்க்கப் போன அன்றே பேரப்பிள்ளைக்குக் காது குத்தியது போல ஆகிவிடுகிறது.

சிவப்புக் கோட்டு அணிந்த படை நம் மண்ணுக்குள் போர் தொடுத்து நுழைந்தது 1809 பிப்ரவரியில்; அதுவும் நமக்கு எதிராக. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, கர்னல் செயின்ட் லெஜரின் கீழ் வந்த ஆங்கிலேயக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கணவாயின் அரண்களை ஏறிப் பிடித்து, அதே மாதத்தில் உதயகிரியையும் பத்மநாபபுரத்தையும் கைப்பற்றியது. குளச்சலுக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே 68 ஆண்டுகள் இருக்கின்றன. மாணவர்கள் ஏதோ ஒரு படத்தைப் பார்த்து இரண்டையும் கலந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனையில் டிலனாய் சரணடையும் காட்சியைக் காட்டும் ஓவியத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதுவும் பிற்காலத்தில் வரையப்பட்டதே. அதிலுள்ள உடைகளை நேரில் கண்டவர் எழுதிய சாட்சியாக எடுத்துக்கொள்ள இயலாது.

எதிரணியிலும் குழப்பம் இருந்தது. டச்சுக்காரர்களின் கையில் ஆங்கிலேயரின் யூனியன் ஜாக் கொடி. தலையில் சோளாத் தொப்பி, அதாவது வெயிலுக்காக நெட்டியால் செய்த தொப்பி. டச்சுக் கொடி மேலிருந்து கீழாகச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று படுக்கைவாட்டில் மூன்று பட்டைகள் கொண்டது. கம்பெனிக் கொடியில் நடுவே அதன் எழுத்து முத்திரை இருக்கும். மாணவர்கள் வரைந்திருந்த யூனியன் ஜாக்கிலோ குறுக்கே சாயும் சிவப்புக் கோடுகளும் இருந்தன. அயர்லாந்துக்குரிய அந்தக் கோடுகள் 1801-இல்தான் அக்கொடியில் சேர்ந்தன. சோளாத் தொப்பி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு உரியது. 1741-இல் ஐரோப்பியச் சிப்பாயின் தலையில் விளிம்பை மூன்று பக்கமும் மடித்துக் கட்டிய கறுப்புத் தொப்பிதான் இருந்தது. கடலைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகள் அதற்கு அஞ்சல் அட்டையில் காணும் நீலத்தைத் தீட்டியிருந்தார்கள். போர் நடந்தது ஆடி மாதத்தில். ஆடிக் கடல் குளச்சலில் என்ன நிறத்தில் இருக்கும் என்று அந்த வகுப்பிலேயே கடற்கரை ஊர்ப் பிள்ளை ஒன்றைக் கேட்டிருந்தால், மண் கலங்கிய சாம்பல் நிறம், கரையெல்லாம் நுரை என்று சொல்லியிருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் ஒரு பள்ளிக் கண்காட்சிக்குத் தேவையா என்று வாசகர்கள் கேட்கலாம். நான் ஈடுபட்டிருக்கும் கலையின் உயிரே இந்த நுணுக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் அதைப் பற்றிச் சிறிது கூற அனுமதி வேண்டுகிறேன். ஆறடிக்கு நான்கடி மேசையில் மலை, வயல், வீடு ஆகியவற்றை அமைத்து, வரலாற்றில் நடந்த ஒரு போரின் இரு படைகளையும் சிறு உருவங்களாக நிறுத்தி, அளவு நாடாவால் நகர்வை அளந்து, பகடை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இந்த விளையாட்டு. யானை, தேர், குதிரை, காலாள் என்று நால்வகைப் படையைக் கட்டத்துக்குள் அடக்கிய சதுரங்கம் பிறந்த நாட்டுக்கு இது அந்நியமானதன்று. 1824-இல் பிரஷ்ய நாட்டுத் தளபதிகள் நிலப்படத்தின் மேல் கட்டைகளை நகர்த்திப் போர்ப் பயிற்சி செய்யத் தொடங்கினார்கள். 1913-இல் எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடுவதற்கு விதிகளையே எழுதி வெளியிட்டார். உண்மையான போரைவிடப் பொம்மைப் போர் எவ்வளவோ மேலானது என்பது அவர் வாதம். அதற்கு அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டுவிட்டது.

கப்பலில் வேலை செய்யும் என் தங்கை மகன் ஒருமுறை ஊருக்கு வந்தபோது நெப்போலியன் காலத்துப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் கொண்ட ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. அதாவது ஐந்தரை அடி மனிதன் சுமார் 23 மில்லிமீட்டராக நிற்பான். இப்போது நான் தீட்டுபவை 28 மில்லிமீட்டர் உருவங்கள். அவற்றின் தலை ஒரு மிளகின் அளவே இருக்கும். குளச்சல் போரும் மிளகு வணிகத்துக்காக நடந்ததுதான் என்பதை ஒவ்வொரு முகத்தைத் தீட்டும்போதும் நினைத்துக்கொள்வேன்.

பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் கடையில் எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கிறது. நம்மவர்களைத் தீட்ட உட்கார்ந்தபோதுதான் சிரமம் புரிந்தது. வெளிநாட்டு வண்ணப் புட்டியில் ‘தோல் நிறம்’ என்று எழுதியிருந்தால் அது இளஞ்சிவப்பாக இருக்கிறது; அந்தத் தோல் குளச்சல் வெயிலில் இரண்டு நாள் தாங்காது. அக்ரிலிக்கில் பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்போடு சிறிது சிவப்புக் காவியைக் கலந்து அடித்தளமாக இட்டு, அது காய்ந்த பின் நீர்த்த கருஞ்சாயத்தை ஓடவிட்டால் அது விலா, முழங்கை, விரலிடுக்கு ஆகியவற்றில் தானாகவே தங்கி நிழலாகிவிடும். பிறகு தோள், நெற்றி, மூக்கு நுனி ஆகிய மேடுகளை வெளிச்சமாக்க வேண்டும். இங்கேதான் பலரும் வெள்ளையைக் கலந்து கெடுக்கிறார்கள். கருமையான தோலில் வெள்ளை கலந்தால் உருவம் சாம்பல் பூசியது போல உயிரற்றுப் போகும். மஞ்சள் காவியும் சிறிது ஆரஞ்சும் கலந்தால் வியர்வையில் மினுங்கும் தோல் கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. ஓவிய ஆசிரியராக இத்தனை ஆண்டுகள் இருந்தும், மாணவர்களுக்கு மனித உருவம் வரையக் கற்றுக்கொடுத்தபோது நானும் அந்த இளஞ்சிவப்புப் பென்சிலைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திருவிதாங்கூரின் நாயர் வீரர்களை ஐரோப்பியப் பயணிகள் வரைந்தும் எழுதியும் வைத்திருக்கிறார்கள்: திறந்த மார்பு, இடுப்பில் வெள்ளைத் துணி, முன்னால் முடிந்த குடுமி, வாளும் கேடயமும், சிலரிடம் துப்பாக்கி. அரசர் சம்பளத்துக்கு அமர்த்திய மறவர் படையினரும் இருந்தார்கள். இத்தகைய உருவங்கள் எனக்குக் கிடைக்காததால் வேறு நாட்டுப் பொம்மைகளின் கோட்டைச் சீவி எடுத்து, குழாய் ஒழுகலை அடைக்கப் பயன்படும் எம்-சீலை உருட்டி வேட்டியும் குடுமியும் வைத்தேன். வெள்ளை வேட்டிதான் எல்லாவற்றிலும் கடினம். வெள்ளையை நேரே பூசினால் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். கோடி வேட்டியின் பழுப்பு கலந்த நிறத்தில் தொடங்கி, மடிப்புகளின் மேல் மட்டும் மெல்ல மெல்ல வெளுப்பாக்கி, வெயில் நேராக விழும் விளிம்பில் மட்டுமே சுத்தமான வெள்ளையை வைக்க வேண்டும். சிவப்புக் கோட்டைத் தீட்டுவது இதில் பாதி வேலைகூட இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஓர் உருவம் இருபது வீரர்களைக் குறிக்கும் என்ற கணக்கில் இதுவரை 120 உருவங்களை முடித்திருக்கிறேன். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால், ஸ்பிரே பிரைமரையும் ஸ்பிரே வார்னிஷையும் ஈரக்காற்றில் அடித்தால் வெண்படலம் படிந்துவிடும். ஆகவே அந்த வேலையைப் பெரும்பாலும் மாசி, பங்குனியிலேயே முடித்துக்கொள்கிறேன்.

இந்த உருவங்களை மேசையில் நிறுத்தி ஆடிய பின்புதான், படித்திருந்த சில செய்திகள் எனக்கு விளங்கின. டச்சுக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடும் ஒழுங்கு அவர்களிடம் இருந்தது. வெட்டவெளியில் நேருக்கு நேர் மோதவிட்டால் பெரும்பாலும் அவர்களே வெல்கிறார்கள். கரையோரத்து அரணுக்குள் அவர்களை அடைத்து, நாட்களைக் கடத்தி, கடல் வழியாக உதவி வராது என்று விதி வைத்தால்தான் ஆட்டம் வரலாற்றின் பக்கம் திரும்புகிறது. அன்று உண்மையில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுதான். டச்சுக் கம்பெனி அதே ஆண்டில் ஜாவாத் தீவில் பெரும் போரில் சிக்கியிருந்ததால் பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) குளச்சலுக்குப் படை அனுப்பும் நிலையில் இல்லை. பனந்தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கி போலக் காட்டி மீனவர்கள் எதிரியை மிரட்டினார்கள் என்று நம் ஊர்களில் வழங்கும் கதைக்கும் என் ஆட்டத்தில் ஒரு பகடை வைத்திருக்கிறேன். ஆறு விழுந்தால் டச்சு அணி ஒரு முறை நகராமல் நிற்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அந்தப் பள்ளியின் மாணவர்கள் தங்கள் மாதிரியைக் கலைத்துவிட வேண்டாம். சிவப்புக் கோட்டு வீரர்களை அப்படியே எடுத்து ஆரல்வாய்மொழி அரணுக்கு எதிரே நிறுத்தினால் 1809-ஆம் ஆண்டுக் காட்சிக்கு அவை பயன்படும். ஒரு பொம்மையும் வீணாகாது. குளச்சலுக்கான உருவங்களைப் புதிதாகத் தீட்ட அவர்கள் விரும்பினால், ஆசிரியரோடு எந்தச் சனிக்கிழமையும் என் வீட்டுத் திண்ணைக்கு வரலாம். தங்கள் அலுவலகம் வழியாகத் தொடர்பு கொண்டால் போதும். உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறையைப் பார்க்க வருபவர்களுக்கு அவர் எந்தப் போரில் சிறைப்பட்டார் என்பதைக் காட்ட, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இத்தகைய மாதிரி ஒன்றை வைக்க அதிகாரிகள் இசைந்தால், நான் முடித்திருக்கும் 120 உருவங்களையும் விலையின்றித் தரச் சித்தமாக இருக்கிறேன். தாங்களும் அந்தப் புகைப்படத்தின் தலைப்புக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

மாணவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: அடித்தளத்தில் ஒட்டக் கடற்கரை மணலை அள்ள வேண்டாம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் மோனசைட் என்னும் கதிரியக்கக் கனிமம் இருக்கிறது. மற்ற இடத்து மணலிலும் உப்பு இருப்பதால் பசை விரைவில் விட்டுப்போகும். பழையாற்று மணலில் ஒரு கைப்பிடி எடுத்து, தேநீர் வடிகட்டியில் சலித்துக்கொண்டால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.